அம்மாவும் நானும் 5 மாசமா பாத்த சீரியல், வெப் சீரிஸ் எல்லாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் மாத்தற ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் 5 மாசம் நானும் அவங்களும் ஹால்லயே தான் இருந்தோம், எனக்கு வீட்ல இருந்தே வேலை, அவங்க கட்டில்ல, எதிர்ல டிவி. பகல்ல செல்போன்ல கெடச்ச பழைய சீரியல், சாயங்காலம் இப்ப ஓடற சீரியல், லீவு நாள்ல வெப் சீரிஸ்னு நெறைய பாத்தோம். இது தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்க, மாடி வீட்டு அக்கா எல்லாரும் மாத்தி மாத்தி அதே கேள்விங்கள கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

ஒரு தொடர் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு எதை வெச்சு சொல்றீங்க?

நடிப்பு, கதை, மியூசிக் எல்லாம் அப்புறம். நான் மொதல்ல பாக்கறது இது என் நேரத்தை மதிக்குதாங்கறது தான். இதை எனக்கு கத்துக்குடுத்ததே அம்மா தான், அவங்க இதுக்குன்னு வார்த்தையே வெச்சிருக்காங்க. பிடிச்சிருந்தா "மதிச்சு எடுத்திருக்கான்"னு சொல்லுவாங்க, பிடிக்கலன்னா "நம்மள காக்க வெக்கறான்"னு சொல்லுவாங்க.

காக்க வெக்கறதுன்னா என்னன்னு சீரியல் பாக்கற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் ஒரு விஷயத்தை போட்டு உடைப்பாங்க, உடனே டமார்னு ஒரு சத்தம், அங்க நிக்கற 7 பேரு மூஞ்சியையும் ஒவ்வொண்ணா காட்டுவாங்க, அப்புறம் கருப்பு வெள்ளைல ஒரு தடவ, திரும்ப மொதல்ல இருந்து ஒரு தடவ, அதுக்குள்ள தொடரும்னு போட்டுடுவாங்க. மறுநாள் அதே மூஞ்சிலருந்து ஆரம்பிக்கும். இதுல 3 நிமிஷம் போயிடுது. ஒரு நாளைக்கு 3 நிமிஷம்னா வருஷத்துக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா பாக்கறவங்கள்ல பாதி பேரு நாள் பூரா வேலை செஞ்சிட்டு அந்த அரை மணி நேரத்துக்காக உக்காந்திருக்கறவங்க.

பழசுல, இப்ப பாத்தாலும் நிக்கற தொடர் எது?

மர்மதேசம். யோசிக்காம சொல்லுவேன். அதுலயும் விடாது கருப்பு.

பாலச்சந்தர் சாரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், கதை இந்திரா சௌந்தர்ராஜன். 90கள்ல சன் டிவில வந்துச்சு. மொதல்ல ரகசியம், அதுல சித்தர், நவபாஷாண லிங்கம்னு போகும், அதுக்கு அடுத்தது தான் விடாது கருப்பு. ஒரு கிராமம், ஊர் எல்லைல கருப்பசாமி, தப்பு பண்றவங்கள சாமியே தண்டிக்குதுன்னு ஊர் நம்புது, அந்த ஊருக்கு படிச்ச டாக்டர் பொண்ணு ஒண்ணு வருது, இதுல சாமி எது மனுஷன் எதுன்னு கடைசி வரைக்கும் நம்மள இழுத்துட்டு போவாங்க. முடிவ சொல்லமாட்டேன், இன்னும் பாக்காதவங்க பாக்கியசாலிங்க.

நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப இந்த தொடர் வந்தா குதிரை ஓடற சத்தம் கேட்ட உடனே போர்வையை தலைக்கு மேல இழுத்துக்குவேன், சத்தம் மட்டும் கேட்டுட்டு கிடப்பேன், ஆனா ரூமை விட்டு போகமாட்டேன். இப்ப 25 வருஷத்துக்கு மேல ஆச்சு, யூடியூப்ல கவிதாலயா சேனல்ல போட்டிருக்காங்க, படம் கொஞ்சம் மங்கலா தான் இருக்கு, இருந்தும் அந்த குதிரை சத்தம் வந்தப்ப என் கை தானா தலகாணியை பிடிச்சுது. அதுல கிராஃபிக்ஸ் எல்லாம் இன்னிக்கு கணக்குக்கு ஒண்ணுமே இல்ல. பயமுறுத்தறது எது தெரியுமா, காட்டாம விட்டது தான். புளியமரம், சாயங்கால வெளிச்சம், தூரத்துல ஒரு உருவம், அவ்ளோ தான். பாக்கறவங்களுக்கு கற்பனை இருக்குன்னு நம்பி எடுத்திருக்காங்க. அம்மா வார்த்தைல சொல்லணும்னா இது தான் மதிச்சு எடுக்கறது.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல காலமானாரு. அந்த செய்தி வந்தப்ப எத்தன பேரு ஸ்டேட்டஸ்ல கருப்பசாமி படத்தை வெச்சாங்கன்னு நான் பாத்தேன். அதுல பாதி பேரு அந்த தொடர் வந்தப்ப ஸ்கூல் போயிட்டு இருந்த புள்ளைங்க.

விடாது கருப்பை குழந்தைங்களோட பாக்கலாமா?

10 வயசுக்கு மேல சரி, அதுவும் பகல்ல பாருங்க. அதுக்கு கீழ வேணாம்.

மெட்டி ஒலி அழுகாச்சி சீரியல் தானே, அதை ஏன் திரும்ப பாக்கறீங்க?

இந்த கேள்வி வந்தா எனக்கு கொஞ்சம் வருத்தமா இருக்கும். அழுகை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எதுக்கு அழறாங்கன்னு பாருங்க.

2002ல ஆரம்பிச்சு 2005 வரைக்கும் சன் டிவில ஓடுச்சு, திருமுருகன் இயக்கம், அவரே கோபியா நடிச்சாரு. அம்மா இல்லாத 5 பொண்ணுங்க, அப்பா சிதம்பரமா டெல்லி குமார். கதைன்னு சொன்னா இவ்ளோ தான், ஒவ்வொரு பொண்ணா கல்யாணம் பண்ணி குடுக்கறாரு, ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு பிரச்சனை. வில்லன் கடத்திட்டு போறது, விஷம் வெக்கறது, அதெல்லாத்துக்கும் இங்க வேலையே இல்ல. சீர் கொஞ்சம் கொறஞ்சா பேச்சு, மருமக அம்மா வீட்டுக்கு போகணும்னா அனுமதி, மாப்பிள்ளைக்கு கோவம் வந்தா மாமனார் போய் நிக்கணும், இது தான் மொத்த கதையும்.

டெல்லி குமார் பொண்ணு குடுத்த வீட்டு வாசல்ல நுழையறப்ப கவனிங்க, அவர் குரல் தானா இறங்கிடும். சொந்த வீட்ல அதட்டற அதே மனுஷன் தான். இந்த தடவ பாக்கறப்ப அம்மா திடீர்னு "உங்க தாத்தா இப்பிடித்தான் வருவாரு, வெத்தல பாக்கு பழம் எல்லாம் வெச்ச பையை கீழ வெக்காம கைலயே பிடிச்சிட்டு நிப்பாரு, உக்காருங்கன்னு யாராவது சொன்னா தான் உக்காருவாரு"ன்னாங்க. எனக்கு 38 வயசாகுது, தாத்தாவை பத்தி இதை நான் கேட்டதே இல்ல. ஒரு சீரியல் வந்து தான் இந்த பேச்சு வெளிய வந்துச்சு.

மாணிக்கமா வர்றவரு சேத்தன், விடாது கருப்புல நடிச்ச அதே சேத்தன் தான். ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா அந்த மனுஷனோட வீச்சு புரியும். அவரும் தேவதர்ஷினியும் விடாது கருப்புல சேந்து நடிச்சவங்க, அப்புறம் நெஜத்துலயும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, இது அம்மாவுக்கு ரொம்ப பிடிச்ச தகவல், ஆஸ்பத்திரில பக்கத்து கட்டில் பாட்டிகிட்ட கூட சொல்லியிருக்காங்க. விஜியா நடிச்ச உமா மகேஸ்வரி 2021ல சின்ன வயசுலயே போயிட்டாங்க. அந்த பொண்ணு திரைல வர்ற ஒவ்வொரு தடவயும் அம்மா ஒரு "ச்ச்" கொட்டுவாங்க.

2020 லாக்டவுன் அப்ப ஷூட்டிங் நின்னு போய் சன் டிவில இதையே திரும்ப போட்டாங்களே ஞாபகம் இருக்கா, எங்க தெருவுல அந்த நேரத்துக்கு எல்லா வீட்லயும் அதே டைட்டில் பாட்டு கேட்டுச்சு, 2002ல கேட்ட மாதிரியே.

திருமுருகன் அப்புறம் எடுத்த நாதஸ்வரமும் நல்லா இருக்கும், அதோட 1000வது எபிசோடை 2014ல நேரலையா எடுத்து கின்னஸ்ல எடம் பிடிச்சாங்க. ஆனா மனசுல நிக்கறது எனக்கு மெட்டி ஒலி தான்.

கோலங்கள் முழுசா பாத்தீங்களா?

இல்ல. 1533 எபிசோடு. ஒண்ணு 20 நிமிஷம்னு வெச்சா கூட 511 மணி நேரம் வருது, தூங்காம கொள்ளாம பாத்தா 21 நாளுக்கு மேல. மொதல் பகுதி பாத்தோம். தேவயானியோட அபி கேரக்டர், சொந்தமா கட்டட கம்பெனி நடத்தற ஒரு பொண்ணு, 2003ல சீரியல்ல அது பெரிய விஷயம். அப்புறம் வில்லன் ஆதியோட மோதல் பெருசாக பெருசாக வீட்டு கதை போய் பழிவாங்கற கதை ஆயிடுச்சு, அங்க நாங்க எறங்கிட்டோம். இயக்குனர் திருச்செல்வம், தொல்காப்பியனா வர்றதும் அவரே தான். அவர் பேரை ஞாபகம் வெச்சிக்கோங்க, அடுத்த பதில்ல வருவாரு.

எதிர்நீச்சல் பத்தி உங்க கருத்து என்ன? மாரிமுத்து சாருக்கு முன்னாடி, பின்னாடின்னு பிரிச்சு சொல்லுங்க.

அப்பிடித்தான் பிரிக்கணும், வேற வழி இல்ல.

2022 பிப்ரவரில ஆரம்பிச்சுது, திருச்செல்வம் இயக்கம். நல்லா படிச்ச பொண்ணு ஜனனி, ஆதி குணசேகரன் வீட்டுக்கு மருமகளா போறா. அங்க ஏற்கனவே ஈஸ்வரி, ரேணுகா, நந்தினின்னு 3 மருமகளுங்க இருக்காங்க, எல்லாரும் கெட்டிக்காரங்க, எல்லாரையும் அடுப்படில நிறுத்தி வெச்சிருக்காரு குணசேகரன். வழக்கமா மருமகளுக்கு மருமக தான் வில்லியா இருப்பா, இதுல 4 மருமகளும் ஒரே கட்சி. சமையல்கட்டுல காய் நறுக்கிட்டே அவங்க பேசிக்கற காட்சிங்க தான் அந்த தொடரோட உயிரு. நந்தினி பேசற பேச்சுக்கு அம்மா கை தட்டுவாங்க.

குணசேகரனா நடிச்ச மாரிமுத்து சாரை பத்தி சொல்லணும். அவரு அடிப்படைல இயக்குனர், கண்ணும் கண்ணும், புலிவால்னு படம் எடுத்தவரு. அந்த அதிகாரத்தை அவரு கத்தி காட்டல, கால் மேல கால் போட்டு உக்காந்து, துண்டை உதறி, "இந்தாம்மா ஏய்"னு கூப்பிடுவாரு பாருங்க, அதுலயே வீடு நடுங்கும். தப்பான மனுஷன் தான், ஆனா அவருக்கு அவர் செய்யறது எல்லாம் ஞாயம்னு தோணுது, அதை நாமளும் நம்பற மாதிரி நடிச்சாரு. நம்ம சித்தப்பா, பெரியப்பா, தெரு முனைல கடை வெச்சிருக்கறவருன்னு யாராவது ஒருத்தர் ஞாபகம் வராம இருக்காது.

2023 செப்டம்பர் 8 காலைல, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிட்டு இருந்தப்ப நெஞ்சு வலி வந்து இறந்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல நடந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வழக்கம் போல அந்த நேரத்துக்கு அம்மா டிவி முன்னாடி வந்து உக்காந்தாங்க, ரிமோட்டை கைல எடுத்தாங்க, ஆனா போடல. மடில வெச்சிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. "தெனம் திட்டிட்டே இருந்தேன் அந்தாள"ன்னாங்க. அப்புறம் எழுந்து போய் படுத்துட்டாங்க. ஒரு நடிகருக்கு இதுக்கு மேல என்ன விருது இருக்கு சொல்லுங்க.

அப்புறம் வேல ராமமூர்த்தி அய்யா வந்தாரு. அவரு பெரிய எழுத்தாளர், நல்ல நடிகர், அவர் மேல எந்த குறையும் இல்ல. ஆனா குணசேகரன்ங்கற ஆளு மாரிமுத்து சாரோட உடம்புல, குரல்ல செஞ்சது, அதை இன்னொருத்தர் போட்டுக்க முடியாது. கதையும் அதுக்கு முன்னாடியே குணசேகரன் தங்கச்சி ஆதிரை கல்யாணத்துல சிக்கிக்கிச்சு, அந்த ஒரு கல்யாணத்தை வாரக்கணக்கா இழுத்தாங்க. அப்பத்தாவோட 40 பர்சன்ட் சொத்து விஷயமும் அப்பிடித்தான், கையெழுத்து போடுவாங்களா மாட்டாங்களான்னு எத்தன மாசம். 2024 ஜூன்ல முடிச்சிட்டு டிசம்பர்ல தொடர்கிறதுன்னு ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சாங்க. அதை அம்மா பாக்கறாங்க, நான் பாக்கறதில்ல.

என் கருத்து: மொதல் ஒரு வருஷம் தமிழ் சீரியல்ல வந்த மிக நல்ல எழுத்துல ஒண்ணு. அதோட நிறுத்திக்கலாம்.

சிறகடிக்க ஆசை?

2023 ஜனவரில விஜய் டிவில ஆரம்பிச்சது, இன்னிக்கும் எங்க வீட்ல இதுக்கு தான் மொத எடம். முத்து கார் ஓட்டறான், மீனா பூ கட்டி விக்கறா. இதுல எனக்கு பிடிச்சதே தொழில் தான். ஒரு சவாரிக்கு எவ்ளோ, ஒரு மாலை ஆர்டருக்கு எவ்ளோன்னு ரெண்டு பேரும் ராத்திரி உக்காந்து பேசிக்குவாங்க. பெரிய பங்களா, 4 கார், ஆனா யாரும் வேலைக்கே போகாத வீடுங்களையே பாத்து பாத்து சலிச்ச கண்ணுக்கு இது எவ்ளோ நிம்மதி தெரியுமா. மீனா பூ கட்டறப்ப அம்மா அவங்க விரலையே பாத்துட்டு இருப்பாங்க, அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னாடி பூ கட்டினவங்க.

குறைன்னா அந்த வீட்டு இன்னொரு மருமக ரோகிணி. அவ மறைச்சு வெச்ச பழைய கல்யாணம், புள்ள, மலேசியால பணக்கார அப்பா இருக்காருன்னு சொன்ன பொய். மொதல்ல சுவாரசியமா தான் இருந்துச்சு, கறிக்கடைக்காரரை மலேசியா மாமான்னு கூட்டிட்டு வந்து நடிக்க வெச்ச எபிசோடுக்கெல்லாம் வயிறு வலிக்க சிரிச்சோம். ஆனா மாட்டப்போறா மாட்டப்போறான்னு ப்ரோமோ போட்டு, கடைசி நிமிஷத்துல தப்பிச்சிடுவா, இதே மாதிரி எத்தன தடவ. ப்ரோமோவை நம்பி உக்காந்தவங்களுக்கு அது ஏமாத்தற வேலை தான்.

பாக்கியலட்சுமி?

மூலக்கதை வங்காளத்து ஸ்ரீமொயீ, இந்தில அனுபமான்னு வந்ததும் அதே தான். 2020லருந்து 2025 வரைக்கும் ஓடுச்சு. பாக்கியாவோட புருஷன் கோபி மாட்டிக்கற வரைக்கும் பிரமாதம், பாக்கியாவா நடிச்ச சுசித்ரா வீட்டு சமையலை ஈஸ்வரி மசாலான்னு தொழிலா மாத்தற பகுதி எனக்கு ரொம்ப பிடிக்கும், அப்புறம் ஒரு 2 வருஷம் அதிகம்.

வெப் சீரிஸ்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னா?

அயலி. ஜீ5ல இருக்கு, 2023 ஜனவரில வந்துச்சு, 8 எபிசோடு தான், முத்துக்குமார் இயக்கம்.

புதுக்கோட்டை பக்கம் வீரப்பண்ணைன்னு ஒரு கற்பனை கிராமம், 1990. வயசுக்கு வந்த பொண்ணு ஊர் எல்லையை தாண்டக்கூடாது, தாண்டினா அயலி சாமி கோவிச்சுக்கும்னு கட்டுப்பாடு. அதனால எந்த பொண்ணும் 10ஆம் வகுப்பை தாண்டினதில்ல. தமிழ்ச்செல்விங்கற புள்ளைக்கு டாக்டராகணும்னு ஆசை. அவ வயசுக்கு வந்துட்டா, அதை யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு ஸ்கூலுக்கு போறா. இது தான் கதை. கத்தி துப்பாக்கி எதுவும் இல்ல, ஆனா ஒவ்வொரு எபிசோடும் முடியறப்ப அய்யோ தெரிஞ்சிடுமோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். அபி நட்சத்திரா அந்த புள்ளையாவே மாறியிருக்கு, அம்மாவா அனுமோல், ரெண்டு பேருக்கும் நடுவுல நடக்கறது தான் இந்த தொடரோட நெஞ்சு.

எங்க அம்மா 9வது வரைக்கும் படிச்சவங்க. பாத்துட்டு இருக்கறப்ப ஒண்ணும் பேசல. முடிஞ்சதும் "எனக்கும் கணக்கு நல்லா வரும்"னு ஒரே ஒரு வரி சொன்னாங்க. நான் எழுந்து போய் காபி போட்டேன், அந்த நேரத்துல வேற என்ன செய்யறதுன்னு எனக்கு தெரியல.

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா இவ்ளோ கனமான விஷயத்தை சிரிக்க சிரிக்க சொல்லியிருக்காங்க, அறிவுரை மாதிரி எங்கயுமே தோணாது. ஸ்கூல் படிக்கற பொண்ணு இருக்கற வீட்ல கட்டாயம் போட்டு பாருங்க, அப்பாவையும் உக்கார வெச்சு.

அயலிக்கு அடுத்து?

விலங்கு. அதுவும் ஜீ5, 2022, 7 எபிசோடு, பிரசாந்த் பாண்டியராஜ் எடுத்தது. விமலை இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. ஒரு சாதாரண போலீஸ் ஸ்டேஷன், மேலதிகாரி திட்டு, வீட்ல மாசமா இருக்கற பொண்டாட்டி, நடுவுல ஒரு கொலை கேஸ். ஸ்டேஷன்ல நடக்கற சின்ன சின்ன வேலைங்கள அவ்ளோ பொறுமையா காட்டுவாங்க, ஆனா ஒரு நிமிஷம் கூட வீண் கிடையாது. கிச்சா யாருன்னு தெரியற எடத்துல நான் எழுந்தே நின்னுட்டேன்.

சுழல், பிரைம்ல, 2022, எழுதினது புஷ்கர் காயத்ரி. மயானக் கொள்ளை திருவிழாவுக்கு நடுவுல ஒரு பொண்ணு காணாம போகுது, அன்னிக்கே ஃபேக்டரில தீ. திருவிழா வேஷம், மேளம், சாம்பல் எல்லாமே கதையோட பின்னிக்கிட்டு வரும். கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், பார்த்திபன் எல்லாரும் நல்லா பண்ணியிருந்தாலும் ஸ்ரேயா ரெட்டி தான் என் ஓட்டு. 2025ல ரெண்டாம் சீசன் வந்துச்சு, பாக்கலாம், ஆனா மொதல் அளவுக்கு இல்ல.

வதந்தி, இதுவும் பிரைம், எஸ்.ஜே. சூர்யா. கன்னியாகுமரி பக்கம் செத்துப்போன ஒரு பொண்ணை பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, அவ எப்பிடிப்பட்டவன்னு பேப்பர்காரன்லருந்து பக்கத்து வீடு வரைக்கும் தீர்ப்பு எழுதறாங்க. 8 எபிசோடு, 6ல முடிச்சிருக்கலாம். இருந்தாலும் சொல்ல வந்த விஷயம் பெருசு.

இதெல்லாம் அம்மா அப்பாவோட உக்காந்து பாக்கலாமா?

அயலி தாராளமா பாக்கலாம். விலங்குல கெட்ட வார்த்தை நெறைய, அடிதடியும் உண்டு, தனியா பாருங்க. சுழல் குழந்தைங்களுக்கு நடக்கற கொடுமையை தொடற கதை, பெரியவங்க பாக்கலாம், மனசை தயார் பண்ணிக்கணும். வதந்தி உங்க வீட்டை பொறுத்து.

மால்குடி டேஸ் இந்திதானே, புரியுமா?

புரியும். 1986ல தூர்தர்ஷன்ல வந்தப்ப எங்க அம்மா தெருவுல யாருக்கும் இந்தி தெரியாது, ஆனா டிவி இருந்த ஒரே வீட்ல 20 பேரு உக்காந்து பாத்திருக்காங்க. பாதில தடங்கலுக்கு வருந்துகிறோம்னு போர்டு வரும், யாரும் எழுந்து போகமாட்டாங்க, அந்த போர்டையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்களாம்.

ஆர்.கே. நாராயணன் கதைங்க, அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்ச படங்க, எல். வைத்தியநாதன் மியூசிக், எடுத்தவரு கன்னடத்து சங்கர் நாக். நம்ம ஊர் மாதிரி இருக்கற அந்த மால்குடியை கர்நாடகால ஆகும்பேல செட் போட்டு எடுத்தாங்க. சுவாமிங்கற பையனா நடிச்ச மாஸ்டர் மஞ்சுநாத் சட்டைப்பைல கைய விட்டுட்டு நடக்கறப்ப இன்னிக்கும் அம்மா மொகத்துல ஒரு சிரிப்பு வருது. ஒரு கதை 20, 25 நிமிஷத்துல முடிஞ்சிடும். நாளைக்கு என்ன ஆகுமோங்கற பதட்டம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரில இருந்து வந்த மொத வாரம், வலி மாத்திரை போட்டு அரை தூக்கத்துல இருந்தப்ப அம்மாவால பாக்க முடிஞ்சது இது ஒண்ணு தான். சங்கர் நாக் 1990ல விபத்துல போயிட்டாரு, சின்ன வயசு. இன்னும் எவ்ளோ எடுத்திருப்பாரு.

சிரிக்கறதுக்கு?

லொள்ளு சபா. விஜய் டிவில ராம்பாலா எடுத்தது. சந்தானம், சாமிநாதன், மனோகர், சேஷுன்னு ஒரு கூட்டம், பெரிய பெரிய படத்தையே அக்கு அக்கா பிரிச்சு கிண்டல் பண்ணுவாங்க. குக்கு வித் கோமாளி மொத 2 சீசன் மட்டும் போதும், புகழ், சிவாங்கி, மணிமேகலை எல்லாரும் அப்ப தான் அந்த ஷோவுக்கு புதுசு, அந்த கலகலப்பை திரும்ப கொண்டுவர முடியாது.

டப்பிங் சீரியல் பாப்பீங்களா?

பாலிமர்ல வந்த உள்ளம் கொள்ளை போகுதடா, அம்மாவுக்கு உயிர். நடுத்தர வயசுல கல்யாணம் பண்ணிக்கற ரெண்டு பேரு கதை, ராம் கபூர், சாக்ஷி தன்வர். ராஜ் டிவில வந்த சிந்து பைரவியும் பாத்தோம், பாதில விட்டுட்டோம்.

பிக் பாஸ்?

பாக்கறதில்ல, அதனால கருத்தும் இல்ல.

ஏன் தான் இப்பிடி இழுக்கறாங்க? எழுதறவங்களுக்கு தெரியாதா?

தெரியும். அவங்க கைல இல்ல. வாராவாரம் ரேட்டிங் வருது, நம்பர் நல்லா இருக்கற வரைக்கும் தொடரை நிறுத்த மாட்டாங்க, ஏன்னா புதுசு ஒண்ணு போட்டு அதே கூட்டத்தை சேக்கறது பெரிய ரிஸ்க். முன்ன வாரத்துக்கு 5 நாள் வந்தது இப்ப 6 நாள் வருது. தெனம் ஒரு எபிசோடு ஷூட் பண்ணியாகணும், நடிகர் லீவு கேட்டா ட்ராக் மாத்தணும், ஒருத்தர் விலகினா இவருக்கு பதில் இவர்னு போடணும், நம்பர் எறங்கினா ரெண்டு சீரியலை சேத்து மகா சங்கமம்னு வெக்கணும். மர்மதேசம் வாரத்துக்கு ஒரு நாள் வந்த தொடர், எழுதறதுக்கும் யோசிக்கறதுக்கும் நேரம் இருந்துச்சு, முடிவு எங்கன்னு தெரிஞ்சு கெளம்பினாங்க. முடிவே தெரியாம கெளம்பற வண்டி எவ்ளோ நல்லா ஓடினாலும் ஒரு எடத்துல சுத்த ஆரம்பிச்சிடும்.

அதனால திட்டறப்ப எழுதறவங்களையும் நடிக்கறவங்களையும் திட்டாதீங்க. ஒரு நாள்ல 10, 15 சீன் நடிச்சு குடுக்கறது லேசு இல்ல.

சீரியல் பாக்கறவங்கன்னா ஒரு மாதிரி பாக்கறாங்களே, நீங்க என்ன சொல்லுவீங்க?

நானும் 10 வருஷம் முன்னாடி அப்பிடி பாத்தவ தான், அம்மாகிட்ட அதுக்கு மன்னிப்பு கேட்டுட்டேன். இந்த 5 மாசத்துல அவங்க சொன்ன விமர்சனத்தை எல்லாம் நான் எங்கயும் படிச்சதில்ல. "இவ பொய் சொல்றப்ப புடவை தலைப்பை பிடிக்கறா, அந்த பழக்கம் முன்ன இல்ல, புது டைரக்டர் வந்துட்டாரு போல"ன்னு ஒரு நாள் சொன்னாங்க, டைட்டில் கார்டை நிறுத்தி பாத்தேன், நெஜமாவே பேரு மாறியிருந்துச்சு. 25 வருஷம் தெனம் பாத்த கண்ணு அது.

விளம்பரம் தொல்லை இல்லையா?

எங்களுக்கு இல்ல. விளம்பரம் வந்தா அம்மா வாக்கரை பிடிச்சு ஹால்ல நடக்கணும்னு வெச்சிருந்தோம். மொத வாரம் சோபாலருந்து கதவு வரைக்கும் போய் திரும்பறதுக்குள்ள சீரியல் ஆரம்பிச்சிடும், "போட்டுட்டானா போட்டுட்டானா"ன்னு கேட்டுட்டே வருவாங்க. 3வது மாசம் ஒரு இடைவேளைக்கு 4 ரவுண்டு. பிசியோதெரபி பொண்ணு எந்த சேனல்னு கேட்டுட்டு போச்சு.

இப்ப என்ன பாத்துட்டு இருக்கீங்க?

மெட்டி ஒலி தான், 800க்கு மேல எபிசோடு இருக்கு, நாங்க 60 கிட்ட இருக்கோம். அம்மா இப்ப வாக்கர் இல்லாம நடக்கறாங்க, நான் ஆபீஸ் போக ஆரம்பிச்சிட்டேன், அதனால ராத்திரி சாப்பிட்டுட்டு மட்டும். நேத்து ஒண்ணு முடிஞ்சப்ப நல்ல எடத்துல நின்னுச்சு, சம்பந்தி வீட்ல இருந்து ஆள் வந்து கதவை தட்டறாங்க. அடுத்தது போடவான்னு கேட்டேன். வேணாம், நாளைக்கு இருக்கட்டும், நீ காலைல சீக்கிரம் எழணும்லன்னு சொல்லிட்டு அம்மாவே எழுந்து போய் டிவி ஸ்விட்சை அணைச்சாங்க.